தாத்தாவோட நோக்கியா ஈ63-ல பேத்தி ஆடுற வீடியோ ஏன் ஓடல, எப்படி ஓட வைக்கிறது

தம்பி, நீங்க கேட்டத ஒருதரம் நானே சொல்லிப் பாத்துக்கறேன், சரியா புரிஞ்சுதான்னு. தாத்தா இன்னும் நோக்கியா ஈ63 தான் வச்சிருக்கார், டச் போன் வாங்கிக் குடுத்தும் ஒரே வாரத்துல பீரோவுக்குள்ள போட்டுட்டார், பட்டன்னா அமுக்கினா அமுங்கணும்டாங்கறார். உங்க தங்கச்சி ஸ்கூல் ஆண்டு விழாவுல ஆடுனத உங்க ஆண்ட்ராய்டுல மூணு நிமிஷம் எடுத்திருக்கீங்க, அத மெமரி கார்டுல போட்டுக் குடுத்தா போன் திறக்கவே மாட்டேங்குது, வாட்சப்ல வந்த அதே வீடியோவ போட்டா பாட்டு மட்டும் கேக்குது படம் செவனேன்னு நிக்குது. ஃபைல் பேர்ல கடைசிய மாத்தி த்ரீஜிபின்னு வச்சும் பாத்தாச்சு, அதுவும் ஆகல. போன் போயிருச்சா, இல்ல வேற பிளேயர் போடணுமான்னு கேக்கறீங்க.

போன் நல்லா இருக்கு. வேற பிளேயரும் இப்போதைக்கு வேண்டாம். வீடியோவ தான் அதோட வாய்க்குத் தக்கன சின்னதாக்கணும்.

பேர மாத்துனா ஓடாதுங்கறத நான் ரொம்ப தைரியமா சொல்லுவேன், ஏன்னா நானே அதப் பண்ணி வாங்கிக் கட்டிக்கிட்டவன். 2010 வாக்குல ஒரு செல்போன் கடையில வேலை பாத்தேன், ரீசார்ஜு, டெம்பர் கிளாஸுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல கீறல் விழாம இருக்க ஒரு பிளாஸ்டிக் தாள் இருந்துச்சே, அத ஒட்டுறது, மெமரி கார்டுல பாட்டு ஏத்துறது எல்லாம் என் வேலை. ஒருத்தர் கல்யாணம் முடிஞ்சு இருபதே நாள்ல துபாய் கெளம்புறாரு, கல்யாண டிவிடிய கொண்டாந்து இத என் செல்லுல ஏத்திக் குடுப்பான்னு நின்னாரு. நான் டிவிடிக்குள்ள இருந்த விஓபி ஃபைல அப்படியே காப்பி பண்ணி பேர எம்பி4-னு மாத்திக் குடுத்துட்டேன். காசையும் வாங்கிட்டேன். மறுநாள் காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நிக்கறாரு, மொதலாளி முன்னாடி எனக்கு விழுந்த பாட்டு இன்னும் காதுல இருக்கு. அன்னைக்கு ராத்திரி ஒழுங்கா கன்வர்ட் போட்டேன், கடையில இருந்தது ஒரு பழைய பென்டியம் 4, எண்பது பர்சன்ட் வந்தப்ப கரண்ட் போச்சு, அப்பல்லாம் கரண்ட் எப்ப இருக்கும் எப்ப போகும்னு உங்களுக்கே தெரியும், யுபிஎஸ் பத்து நிமிஷம் கத்திட்டு அதுவும் படுத்துருச்சு. மறுபடி மொதல்லேர்ந்து. அவரு ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏறுறதுக்கு முன்னாடி கார்ட கையில குடுத்தேன்.

விஷயம் என்னன்னா, எம்பி4, த்ரீஜிபி, ஏவிஐ, எம்கேவி எல்லாம் வெறும் தூக்குவாளி. உள்ள பால் இருக்கா சாம்பார் இருக்கான்னு வாளியப் பாத்துத் தெரியாது. உள்ள இருக்கறது ரெண்டு, படம் ஒரு முறையில சுருக்கி வச்சிருக்கும், சத்தம் ஒரு முறையில சுருக்கி வச்சிருக்கும், அந்த முறைக்குத் தான் கோடெக்னு பேரு. (த்ரீஜிபின்னா மூணு ஜிபி சைஸ்னு நெனச்சு, அவ்ளோ பெரிய ஃபைல் வேண்டாங்கன்னு சொன்ன கஸ்டமர்லாம் உண்டு, செல்போனுக்கான தரம் எழுதுன 3ஜிபிபிங்கற அமைப்போட பேர்லேர்ந்து வந்த பேர் அது.) ஈ63-க்கு எச்.263 தெரியும், எம்பெக்-4 தெரியும், எச்.264-ல அடி வகுப்பான பேஸ்லைன் வரைக்கும் தெரியும். சத்தத்துல ஏஎம்ஆர், ஏஏசி தெரியும். உங்க ஆண்ட்ராய்டு எடுக்கறது எச்.264-ல ஹை ப்ரொஃபைலா இருக்கலாம், இல்லன்னா எச்இவிசியா இருக்கலாம். எச்இவிசிங்கற தரமே 2013-ல தான் வந்துச்சு, ஈ63-ய நோக்கியா அறிவிச்சது 2008 கடைசியில, பொறக்காத புள்ளையோட பேர் அதுக்கு எப்படித் தெரியும்?

இதுலயே உங்க ரெண்டாவது குழப்பத்துக்கும் பதில் இருக்கு. வாட்சப் வீடியோவுல சத்தம் ஏஏசி, அது போனுக்குப் புரியுது, பாடுது. படம் அதோட சக்திக்கு மேல இருக்கு, நின்னுருது.

சக்தின்னா எவ்ளோன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஈ63 ஸ்கிரீன் 320-க்கு 240, பெருக்கினா 76,800 புள்ளி. ஃபுல் எச்டி வீடியோ 1920-க்கு 1080, அது 20,73,600 புள்ளி, சரியா 27 மடங்கு. அதாவது ஒரு படத்த காட்டச் சொல்லி இருபத்தேழு ஸ்கிரீனுக்கு உண்டானத அவுத்துப் பிரிச்சு, அதுல இருபத்தாற தூக்கிப் போட்டு, மிச்சத்த காட்டணும், அதுவும் ஒரு செகண்டுக்கு முப்பது தரம். உள்ள இருக்கற ப்ராசசர் 369 மெகாஹெர்ட்ஸ் ஏஆர்எம்11, ஒத்த ஆளு. அதே காலத்து என்95-ல 332 மெகாஹெர்ட்ஸ் தான் ஆனா வீடியோ வேலைக்குன்னு உள்ள தனி உறுப்பு இருந்துச்சு, அதனால அது 640-க்கு 480-ல செகண்டுக்கு முப்பது ஃப்ரேம், அதாவது முப்பது படம், வச்சு வீடியோ எடுக்கும், ஓட்டும். ஈ63 ஆபீஸ்காரன் போன், மெயில் அடிக்கச் செஞ்சது, சினிமா பாக்கச் செஞ்சது இல்ல. ஆனா அளவா குடுத்தா அழகா ஓட்டும், அந்த 2.36 இன்ச் ஸ்கிரீனுக்கு படம் கண்ணாடி மாதிரி தான் இருக்கும்.

சரி அளவுன்னா எது? இங்க தான் எல்லாரும் நெட்டுல யாரோ போட்ட செட்டிங்க காப்பி அடிச்சு ஏமாறுறாங்க. நான் கடையில கத்துக்கிட்ட வழி வேற. எந்த பழைய போன் வந்தாலும் சரி, மாடல் நம்பர் கூட பாக்க மாட்டேன், அந்த போன்லயே கேமராவத் திறந்து, செட்டிங்ஸ்ல வீடியோ குவாலிட்டிய இருக்கறதுலயே ஒசத்தியா வச்சு, கடை ஃபேன பத்து செகண்ட் எடுப்பேன். அந்த கிளிப்ப கம்ப்யூட்டர்ல விஎல்சிங்கற வீடியோ பிளேயர்ல திறந்து டூல்ஸ் மெனுவுல கோடெக் இன்ஃபர்மேஷன் பாப்பேன். படம் எந்த முறை, எத்தன அளவு, செகண்டுக்கு எத்தன ஃப்ரேம், சத்தம் எந்த முறை, எல்லாம் அங்க எழுதியிருக்கும். போன் தானே எடுத்தத தானே ஓட்டாமப் போகாதுல்ல? அந்த அளவுக்கு நம்ம வீடியோவ செஞ்சு குடுத்தா கண்ண மூடிக்கிட்டு ஓடும். அதுக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பாத்துக்கலாம். நீங்களும் இன்னைக்கு மொதல்ல இதப் பண்ணுங்க, தாத்தாவையே கொஞ்சம் சிரிக்கச் சொல்லி எடுங்க.

கன்வர்ட் பண்றதுக்கு ஹேண்ட்பிரேக் போட்டுக்கங்க, இலவசம், விளம்பரம் கிடையாது. ஃபார்மட் ஃபேக்டரியிலயும் ஆகும், ரெடிமேடா மொபைலுக்குன்னு இருக்கறத எடுத்தா கூட ஓடிரும், ஆனா கைக்கு அடங்கறது ஹேண்ட்பிரேக்ல தான். ஃபார்மட் எம்பி4. அளவு பக்கத்துல அகலம் 320, அனமார்ஃபிக்னு ஒண்ணு இருக்கும் அத ஆஃப் பண்ணிருங்க, இல்லன்னா சில பழைய பிளேயர்ல எல்லாரும் ஒல்லியா நீட்டமா தெரிவாங்க. வீடியோ பக்கத்துல என்கோடர் மொதல் தடவைக்கு எம்பெக்-4 எடுங்க, எச்.264 பேஸ்லைன் அதே சைஸுக்கு இன்னும் தெளிவா இருக்கும் தான், ஆனா பிரிக்கறதுக்கு ப்ராசசர் அதிகமா மெனக்கெடணும். எம்பெக்-4 ஓடுனதுக்கப்புறம் ஆசை இருந்தா எச்.264-க்குப் போங்க, ப்ரொஃபைல் பேஸ்லைன், லெவல் 1.3. ரேட், அதாவது ஒரு செகண்டுக்கு எவ்ளோ டேட்டாங்கறது, சராசரி 384 கேபிபிஎஸ். சத்தம் ஏஏசி ஸ்டீரியோ 64. சாப்டர் டிக்க எடுத்துருங்க. முடிஞ்சு வர்ற ஃபைல் பேர் கடைசியில எம்4வின்னு வந்தா எம்பி4-னு மாத்திக்கலாம், இந்த ஒரு எடத்துல பேர் மாத்துறது செல்லும், ஏன்னா ரெண்டும் ஒரே வாளி தான்.

ஃப்ரேம் ரேட்ட மட்டும் கொஞ்சம் யோசிச்சு வைங்க. பேசுற வீடியோன்னா 15 போதும். இது டான்ஸு, கை கால் வேகமா போகும், 15-ல வெட்டி வெட்டித் தெரியும், அதனால 20 வைங்க, தாக்குப் புடிக்கலன்னா எறக்குங்க. பக்கத்துலயே கான்ஸ்டன்ட்டுன்னு இருக்கறத கட்டாயம் டிக் பண்ணுங்க. ஆண்ட்ராய்டு போன்லாம் வெளிச்சத்துக்குத் தக்கன ஃப்ரேம் ரேட்ட கூட்டிக் கொறச்சு எடுக்கும், அத அப்படியே விட்டா மொத நிமிஷம் சரியா இருக்கும், மூணாவது நிமிஷம் பாட்டு ஒரு பக்கம் போகும் ஆட்டம் ஒரு பக்கம் போகும், தாத்தா பேத்திக்கு தாளம் வரலன்னு நெனச்சுக்குவார்.

அடுத்தது நீங்க கேக்காத ஒரு விஷயம், ஆனா மாட்டிக்குவீங்க. வீடியோவ செல்ல நெட்டையா புடிச்சு எடுத்திருப்பீங்க, இப்ப எல்லாரும் அப்படித் தான எடுக்கறோம். ஈ63 ஸ்கிரீன் படுக்கை வாட்டு. நெட்டை வீடியோவ அதுல போட்டா நடுவுல 135 புள்ளி அகலத்துல ஒரு துண்டு தெரியும், ரெண்டு பக்கமும் கருப்பு. புள்ள தீக்குச்சி மாதிரி ஆடும். மேலயும் கீழயும் வெட்டிட்டா ஸ்கிரீன் நெறையும், 1080-க்கு 1920 வீடியோவுல மேலயும் கீழயும் சேத்து 1110 வெட்டினா சரியா 4-க்கு 3 வந்துரும், பேசுற வீடியோவுக்கு நான் மேல கொஞ்சமா கீழ நெறையா வெட்டிருவேன், முகம் இருந்தா போதும்ல. ஆனா பரதநாட்டியமோ குத்தாட்டமோ எதுவா இருந்தாலும் கால வெட்டிட்டு என்ன ஆட்டம் பாக்கறது? அதனால இதுக்கு வெட்டாதீங்க, படுக்க வச்சிருங்க. ஹேண்ட்பிரேக்லயே ரொட்டேஷன் இருக்கு, 90 டிகிரி குடுங்க, படம் 320-க்கு 180-ஆ ஆயிரும், 176-னு வச்சா பதினாறால வகுபடும், பழைய போனுக்கு அது இன்னும் பிடிக்கும். தாத்தா செல்ல பக்கவாட்டுல திருப்பி கீபோர்டு வலது கைப்பக்கம் வர்ற மாதிரி புடிச்சா புள்ள நேரா நிக்கும், நெட்டையா பாக்கறத விட கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் மடங்கு பெருசா தெரியும். கட்டை விரலும் நடு பட்டனுக்கு எட்டும். நான் இத எங்க அப்பாவுக்கு செஞ்சு குடுத்தேன், மொதல்ல தலைய சாய்ச்சுப் பாத்தாரு, செல்ல சாய்ங்கப்பான்னு சொல்லிக் குடுக்க வேண்டியிருந்துச்சு.

பழைய கல்யாண டிவிடி ஏதாச்சும் வீட்ல இருந்து தாத்தா அதையும் கேட்டார்னா, அதுல இருக்கறது எம்பெக்-2, 720-க்கு 576, பெரும்பாலும் ஒத்தப்படை கோடு ஒரு தரம் ரெட்டைப்படை கோடு ஒரு தரம்னு ரெண்டா பிரிச்சு எடுத்தது. அப்படியே சுருக்கினா ஆளு கைய ஆட்டும் போதெல்லாம் ஓரத்துல சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா வரும். ஃபில்டர் பக்கத்துல டீஇன்டர்லேஸ் ஆன் பண்ணுனா போயிரும். நான் துபாய்க்காரருக்கு செஞ்சப்ப இது தெரியாது, அவரு பாவம் தாலி கட்டுறதே சீப்போட தான் பாத்திருப்பாரு.

சைஸ்: 384-ம் 64-ம் 448, நிமிஷத்துக்கு மூணேகால் எம்பி சொச்சம் வரும். மூணு நிமிஷ ஆட்டம் பத்து எம்பி. ரெண்டரை மணி நேர கல்யாணம் ஐநூறு எம்பி. உங்க போன்ல அதே மூணு நிமிஷம் முந்நூறு எம்பிக்கு மேல இருக்கும், பாருங்க.

ஏத்துறதுக்கு சுலபம் கார்டு ரீடர். கேபிள் போட்டா போன் என்ன மோடுன்னு கேக்கும், மாஸ் ஸ்டோரேஜ் குடுங்க. ப்ளூடூத்துல அனுப்பலாம், பத்து எம்பிக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஆகும், வந்தது கேலரியில இருக்காது, மெசேஜ் இன்பாக்ஸுல உக்காந்திருக்கும், திறந்து மெமரி கார்டுல சேவ் பண்ணணும். இன்பாக்ஸுலயே விட்டா போன் மெமரி நெறஞ்சு எஸ்எம்எஸ் கூட வராம நின்னுரும், தாத்தா போன் ரிப்பேர்னு கடைக்குத் தூக்கிட்டுப் போயிருவார். கார்டு 2 ஜிபியோ 4 ஜிபியோ 8 ஜிபியோ போதும், எஃப்ஏடி32-ல ஃபார்மட் பண்ணிருக்கணும். புதுசா 64 ஜிபி கார்டு வாங்கிப் போட்டீங்கன்னா அது எக்ஸ்ஃபேட்ல வரும், போனுக்குப் படிக்கத் தெரியாது, ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேக்கும், உள்ள போட்டோ ஏதாவது இருந்தா அவசரப்பட்டு எஸ் அமுக்கிறாதீங்க. ஃபைல் பேர் இங்கிலீஷ்ல சின்னதா வைங்க, தமிழ்ல வச்சா கட்டம் கட்டமா வரலாம்.

இப்ப போட்டுப் பாத்ததும் என்ன வருதுன்னு கவனிங்க. திறக்கவே இல்லன்னா உள்ள இருக்கற முறை தப்பு, என்கோடரப் பாருங்க. படம் ஓடுது சத்தம் இல்லன்னா ஆடியோ ஏஏசி இல்லாம வேற எதுலயோ போயிருக்கு. ரெண்டும் வருது ஆனா படம் விக்கி விக்கி வருதுன்னா கனம் அதிகம், மொதல்ல ஃப்ரேம எறக்குங்க, அப்புறம் ரேட்ட 256-க்கு எறக்குங்க, அளவுல கடைசியா கை வைங்க. முழு வீடியோவையும் ஒவ்வொரு தரம் கன்வர்ட் பண்ணிட்டு உக்காராதீங்க, ஹேண்ட்பிரேக்ல ரேஞ்சுன்னு இருக்கும், முப்பது செகண்ட் மட்டும் எடுத்துப் பாத்துட்டு சரியானப்புறம் மொத்தமா போடுங்க.

வேற பிளேயர் கேட்டீங்கல்ல. அந்தக் காலத்துல கோர்பிளேயர், ஸ்மார்ட்மூவின்னு ரெண்டு பிரபலம், ரெண்டும் காசு குடுத்து வாங்குறது. கோர்பிளேயர் போன்ல இருந்த ரியல்பிளேயர் தொடாத ஏவிஐ ஃபைலயும் எடுத்து ஓட்டும், அப்ப எங்களுக்கெல்லாம் அது மந்திரம் மாதிரி. ஆனா அதாலயும் 369 மெகாஹெர்ட்ஸ 1000 ஆக்க முடியாது, ஃபுல் எச்டி அதுலயும் நிக்கும். அதோட இன்னைக்கு அத இன்ஸ்டால் பண்ற எஸ்ஐஎஸ் ஃபைல் எவனோ ஏத்தி வச்ச எடத்துலேர்ந்து தான் கெடைக்கும். நோக்கியா ஸ்டோர்ல சிம்பியனுக்கு, அதான் இந்த போன்ல ஓடுற ஓஎஸ்ஸுக்கு, புது ஆப் ஏத்துறத 2014 ஜனவரியோட நிறுத்திட்டாங்க. சிம்பியனுக்கு வைரஸ் வராதுன்னு நெனக்காதீங்க, 2004-லயே ப்ளூடூத்துல பரவுன கேபிர்னு ஒண்ணு இந்த சிம்பியன்ல தான் வந்துச்சு. அப்படியும் போடணும்னு நின்னீங்கன்னா சர்ட்டிஃபிகேட் எக்ஸ்பயர்டுன்னு வரும், போன் தேதிய பழைய வருஷத்துக்கு மாத்தி, ஆப் மேனேஜர் செட்டிங்ஸ்ல ஆன்லைன் சர்ட்டிஃபிகேட் செக்க ஆஃப் பண்ணி, இன்ஸ்டால் முடிஞ்சதும் தேதிய திருப்பி வைங்க. மாத்திட்டு மறந்தா தாத்தாவோட மாத்திரை அலாரம் கோளாறாயிரும்.

யூட்யூப் நேரா பாக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. ஆகாது. முன்னாடி அதோட மொபைல் பக்கத்துல த்ரீஜிபி லிங்க் வரும், ரியல்பிளேயர்ல திறந்து பாப்போம், கொஞ்ச நேரம் பஃபராகி பஃபராகி ஓடும். இப்ப வெப்சைட்டெல்லாம் பூட்டையே மாத்திட்டாங்க, இந்த போன் பிரவுசர்கிட்ட இருக்கறது பழைய சாவி, வைஃபை கனெக்ட் ஆனாலும் பக்கம் திறக்காது. வாட்சப்பும் 2017-லயே இந்த போனுக்கு நின்னு போச்சு. அதனால வாரத்துக்கு ஒருக்கா நீங்க தான் ஏத்திக் குடுக்கணும், வேற வழி இல்ல.

ஒண்ணே ஒண்ணு, எல்லாத்துக்கும் முன்னாடி பின்மூடியக் கழட்டி பேட்டரியப் பாருங்க. மேஜையில படுக்க வச்சு சுத்துனா பம்பரமா சுத்துச்சுன்னா உப்பியிருக்கு, அத சார்ஜ் போடாதீங்க, வேற மாத்திட்டு வீடியோவுக்கு வாங்க. அப்புறம் அந்த பத்து செகண்ட் கிளிப்ப விஎல்சில பாத்து, படம் எம்பெக்-4-ஆ எச்.263-ஆ, எத்தன ஃப்ரேம்னு எழுதுங்க, ரேட்ட இன்னும் ஏத்தலாமா எறக்கணுமான்னு அத வச்சுச் சொல்றேன்.